ருசி பார்ப்பது சாப்பாட்டில் சேராது

என் இடது கண்ணில் புரை முற்றிவிட்டது. ரத்தத்தில் சர்க்கரை குறையும்வரை கத்தி வைக்க மாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலது கண்ணும் பாதிதான். மூன்று தலைமுறையாக எங்கள் பேக்கரியிலிருந்து தீய்ந்த ரொட்டி ஒன்றுகூட வெளியே போனதில்லை. நிறம் பார்த்துச் சொல்ல வேண்டியவன் நான்.

எதையும் ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள் என்றார் டாக்டர். அந்த வார்த்தையை என் மருமகள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். முதல் வாரம் டீயில் அரை ஸ்பூன் சர்க்கரை போயிற்று. அடுத்த வாரம் மீதி அரையும் போயிற்று. பிறகு ஒரு கரண்டி சோறு குறைந்து, அந்த இடத்தில் காய் ஏறியது. ஒத்துக்கொண்ட பிறகு முணுமுணுப்பது எங்கள் வழக்கமில்லை.

எட்டு வாரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை இருந்த இடத்திலேயே அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"ஐயா, வீட்ல யாருக்கும் தெரியாம ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்றார் டாக்டர். அவருக்கு என் மகன் வயதுகூட இருக்காது.

"திருட்டுத் தீனி தின்ற ஆளு எங்க குடும்பத்துல பிறக்கல" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மருமகள் ஒரு நோட்டை நீட்டினாள்.

"வாய்க்குள்ள போற எல்லாத்தையும் எழுதுங்க மாமா. ஒரு வாரம் போதும்."

எழுபத்திரண்டு வயதில் எனக்கு வீட்டுப்பாடம். பெரிய பெரிய எழுத்தில், ஒரு வேளை விடாமல் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டுத் தலையில் கை வைத்தாள்.

"இதை எழுதினவருக்குச் சர்க்கரையே இருக்கக் கூடாது."

மறுநாள் காலையில் அடுப்பறைக்கே வந்து நின்றாள். இத்தனை வருடத்தில் அவள் கடையின் முன்பக்கத்தோடு சரி. அடுப்புக்காரர் முதல் தட்டை இழுத்தார். வழக்கம்போல் நடுவிலிருந்து ஒரு பன்னை எடுத்து என் கையில் வைத்தார். வீட்டில் மூத்தவர் ஒரு முழு பன்னைத் தின்று தலையசைக்காமல் எந்தத் தட்டும் கடைக்குப் போகாது. என் தாத்தா வைத்த முறை அது. தின்றேன், தலையசைத்தேன். இரண்டாவது தட்டு வந்தது. மூன்றாவதும் நான்காவதும் வந்தன.

"மாமா, இது எத்தனாவது?"

"நாலாவது தட்டு."

"தட்டைக் கேக்கல, பன்னைக் கேக்குறேன்."

"அதுவும் நாலுதான்."

அவள் அடுப்புக்காரர் பக்கம் திரும்பினாள். "ஒரு நாளைக்கு எத்தனை தட்டுண்ணே?"

"பதினொண்ணும்மா. லீவு நாள்ல பதினாலு" என்றார் அவர், பெருமையாக.

"நோட்டுல ஒரு பன்கூட இல்லையே மாமா."

"அது சாப்பாடு இல்லம்மா, வேலை."

அவள் மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். "ஒரு கரண்டி சோத்துக்கு ரெண்டு மாசமா உங்களோட மல்லுக்கட்டினேனே, என்னைச் சொல்லணும்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. என் அப்பாவும் இப்படித்தான் ருசி பார்த்தார் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பா கடைசி ஆறு வருடம் பன்னை விரலால் தடவித்தான் பார்த்தார். கண் போய்விட்டிருந்தது. வயதாகிவிட்டது என்று நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். எடுத்த வாயை மூடிக்கொண்டேன்.

"ஒரேயடியா விட வேண்டாம். வாரத்துக்கு ஒரு தட்டை என்கிட்ட குடுங்க" என்றாள்.

"மூத்தவங்க பாக்கணும்."

"பாருங்க. பக்கத்துல நின்னு நல்லாப் பாருங்க. மெல்றதை மட்டும் நான் மெல்றேன்."

இது ஐந்தாவது வாரம். எனக்கு ஆறு தட்டு, அவளுக்கு ஐந்து. சர்க்கரை இறங்கத் தொடங்கிவிட்டது. இப்படியே போனால் அடுத்த மாதம் கண்ணுக்குத் தேதி தருவதாக டாக்டர் சொல்கிறார். அவள் ருசி பார்க்கும் அழகைத்தான் பொறுக்க முடியவில்லை. எலி கொறிப்பதுபோல் ஓரத்தில் ஒரு கடி.

"நல்லா இருக்கு மாமா."

"நல்லா இருக்குன்னா? உப்பா, வேக்காடா?"

"எல்லாம்தான்."

"எல்லாம்னு ஒரு ருசி கிடையாது. அடிப்பக்கம் கடி."

கடித்தாள். இந்தத் தடவை மெதுவாக மென்றாள்.

"அடியில கொஞ்சம் பச்சையா இருக்கு."

அடுப்புக்காரர் என் முகத்தைப் பார்த்தார். பதில் சொல்ல வேண்டியவன் நான். பன்னை வாங்கிக் கடித்துப் பார்க்கக் கை பரபரத்தது.

"தட்டைத் திருப்பி உள்ளே வைங்க" என்றேன்.