குறை சொல்லி விற்ற கட்டில்

கொளஞ்சியப்பன் ஒரு போல்ட்டை முறைத்துப் பார்த்தால் அது பயந்துபோய்த் தானாகவே இறுகிக்கொள்ளும் என்று நிலக்கரி மைன்ஸில் ஒரு பேச்சு உண்டு. கரி சுமந்து ஓடும் கன்வேயர் பெல்ட்டுகளில் குறை கண்டுபிடிப்பதுதான் அவர் உத்தியோகம். ஷிஃப்ட் தொடங்குமுன் எந்திரத்தைச் சுற்றி வருவார். இங்கே தேய்மானம், அங்கே ஒழுகல் என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்வார். அவர் வாய் ஓய்ந்த பிறகுதான் ஆட்கள் எந்திரத்தில் கை வைப்பார்கள். குறையெல்லாம் வெளியே வந்துவிட்ட எந்திரம் ஆளைக் கொல்லாது. அந்த செக்‌ஷனில் வேலை பார்த்தவர்களுக்கும் அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும் இது ரத்தத்தில் ஊறிப்போன நம்பிக்கை.

ரிட்டயர் ஆன பிறகு அவருக்குக் குறை சொல்ல மிக்ஸியும் மனைவி ஆதிலட்சுமியும்தான் மிச்சம். மிக்ஸியாவது கேட்டுக்கொண்டது.

அப்போதுதான் டவுன்ஷிப்பை ஒட்டிய வடக்குத்து மெயின் ரோட்டில், பூட்டிக்கிடந்த பெரிய கடை ஒன்றில் அந்தக் கட்டில்கள் வந்து இறங்கின. படுத்தால் உள்ளே சூடான உருளைகள் முதுகுத்தண்டோடு மேலும் கீழும் ஊர்ந்து போகும். எல்லாம் ஓசி. நடத்தியவன் பிரவின்குமார் என்கிற இளைஞன். பெற்ற பிள்ளை துபாயிலிருந்து எப்போதாவது விசாரிக்கும் முழங்காலை அவன் தினமும் விசாரித்தான். கிழவர்களெல்லாம் அவனுக்கு அப்பா, கிழவிகளெல்லாம் அம்மா. கட்டில் என்ன விலை என்று கேட்டால் முகம் வாடிப்போகும்.

"நான் விக்க வரலப்பா. படுங்க."

கண்ணாடிக் கதவு முழுக்கக் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. உள்ளே போனவர்கள் எல்லாரும் ஒரே அச்சில் வார்த்த சிரிப்போடு வெளியே வந்தார்கள். அந்தத் தெருவில் நாய்கூடக் குரைப்பதை நிறுத்திவிட்டது.

பக்கத்து குவார்ட்டர்ஸ் தனமும் போக ஆரம்பித்தாள். கணவன் வேலையில் இருக்கும்போதே இறந்தவன். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய நோட்டீஸ் வந்துவிட்டது. வடக்குத்தில் கட்டுகிற வீட்டுக்குச் சுவர் எழும்பிவிட்டது, மேலே தளம்தான் பாக்கி. ஐப்பசி மழைக்குள் போட வேண்டும். அதற்கான பணத்தைத் தொடாமல் வைத்திருந்தாள். அந்தப் பணம் எந்தப் பக்கம் உருளப்போகிறது என்று கொளஞ்சியப்பனின் மூக்குக்கு எட்டிவிட்டது.

மறுநாள் காலையில் கடைக்குப் புறப்பட்டார். கட்டிலைச் சுற்றி வந்தார், குனிந்தார், தட்டினார்.

"மோட்டார் சத்தம் சரியில்ல. ஒயரு சன்னம். ஒரு வருஷம் ஓடுனா பெருசு. இதுல படுத்தா மூட்டுவலி போவும்னு சொல்றவன் வாயில போடணும்."

பிரவின்குமாருக்குக் கோபம் வரவில்லை. மைக்கை எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

"பின்னாடி இருக்கவங்களுக்குக் கேக்கலப்பா. மைக்குல சொல்லுங்க."

எத்தனை காலமாயிற்று இப்படி ஒரு கூட்டம் அவர் வாயைப் பார்த்து உட்கார்ந்து. கட்டிலின் நான்கு கால்களையும் நாறடித்துவிட்டு இறங்கினார். அடுத்த நாளும் அவருக்காக மைக் காத்திருந்தது. அதற்கடுத்த நாள் நாற்காலியும் போட்டிருந்தார்கள். புதிது புதிதாகக் குறை கண்டுபிடித்தார். ராத்திரியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தும் சொன்னார்.

ஒருநாள் டவுன்ஷிப்புக்குத் திரும்பும் வழியில் கட்டில் ஏற்றிய வண்டிகள் கடைப் பக்கமிருந்து வரிசையாகப் பின்னாலேயே வந்தன. முதல் வண்டியை விட்டு இறங்கிய ஜான் பீவி, பழைய ஃபோர்மேனின் மனைவி, அவரைப் பார்த்து மலர்ந்தாள்.

"நீங்க கொற சொல்லி முடிக்கட்டும்னுதான் காத்துகினு இருந்தோம் அண்ணே. இனிமே பயமில்ல."

கொளஞ்சியப்பன் வீட்டுக்குப் போகவில்லை. நேரே தனத்தின் வாசலில் போய் நின்றார்.

"தனம், நீ வாங்கிடாத."

"நாளைக்குப் பணம் கட்றேன்னு சொல்லிட்டேன் அண்ணே. நீங்க அவ்ளோ திட்டியும் அந்தத் தம்பி மூஞ்சி சுளிக்கல பாருங்க. பொருளு சுத்தமா இல்லன்னா அப்படி நிக்க முடியுமா?"

"தளத்துக்கு வச்ச காசும்மா அது."

"மழைக்கு நாளிருக்கு. உடம்பு நல்லாருந்தா வேல பாத்து வூட்ட முடிச்சிக்கலாம்."

அந்த வாக்கியம் அவளுடையதல்ல. அந்தக் கறுப்புத் தாளுக்குப் பின்னால் யாரோ அவள் நாக்கில் வைத்து அனுப்பியது.

விடியும்வரை யோசித்தார். தன் வாய்தான் சரக்கை விற்கிறது என்றால், வாயை மூடிவிட்டால்? மறுநாள் நாற்காலியில் உட்கார்ந்து மைக்கை வாங்க மறுத்தார். உதட்டைத் தைத்தது போல இருந்தார். தனம் முன் வரிசையில் மடியில் பையை அணைத்துக்கொண்டிருந்தாள். கூட்டம் அவரையே பார்த்தது.

பிரவின்குமார் மெல்லக் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்தான்.

"அப்பா எல்லாத்தையும் பாத்துட்டாரு. இனிமே சொல்றதுக்கு ஒண்ணுமில்லையாம்."

முன் வரிசை எழுந்துகொண்டது. அவர் பதறி மைக்கைப் பிடுங்கினார்.

"தனம், உக்காரு. இவன் உன்ன நடுத்தெருவுல நிறுத்திடுவான்."

"பாத்தீங்களா," என்றான் பிரவின்குமார், அவர் தோளில் கை போட்டு. "இவ்ளோ அக்கறையான ஆள நாங்க வெளிய அனுப்பல. மைக்கக் குடுத்து வச்சிருக்கோம்."

கூட்டம் கைதட்டியது. தனம் அவரைப் பார்த்து நன்றியோடு தலையசைத்துவிட்டுப் பையைத் திறந்தாள்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்த அன்று தளமில்லாத வீட்டில்தான் அந்தக் கட்டிலை இறக்கினார்கள். மேலே தார்ப்பாய் கட்டினார்கள். கரண்ட் பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் போட்டு இழுத்தது. சுரங்கத்தின் பக்கமிருந்து வானம் கறுத்துக்கொண்டு வந்தது. தனம் படுத்தாள். உருளைகள் ஊர்ந்தன. தார்ப்பாயின் நடுவில் முதல் துளிகள் சேர்ந்து தொப்பையாகத் தொங்க ஆரம்பித்தபோதும் அவள் கண்ணைத் திறக்கவில்லை. அந்த ஒரே அச்சுச் சிரிப்பு அவள் முகத்தில் இருந்தது.

கட்டிலைப் பார்க்கத் தெருவே வந்துவிட்டது. கொளஞ்சியப்பன் ஒயரைப் பிடுங்கப் போனார். பெண்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். அவர் சோதிக்கத்தான் குனிகிறார் என்று நினைத்து அத்தனை பேரும் வாய் மூடிக் காத்திருந்தார்கள்.

"சொல்லுங்கண்ணே," என்றாள் ஒருத்தி. "நாங்களும் வாங்கலாம்னு இருக்கோம்."