பம்பரில் கட்டிய பாரம்

விடியும்போதே காற்று எழுந்துவிட்டது. சேம்பர்லைன் ஊருக்குப் பக்கத்தில், மிசௌரி ஆற்றங்கரை முகாம் மைதானத்தில் நின்ற டிரெய்லர் வீடுகளின் முன்கூரைத் துணிகள் படபடத்தன. லோவெல் ஹாக்ஸ்ட்ரா தன் டிரெய்லரின் பின்னால் மண்டியிட்டு, தாங்கியில் ஏற்றிய இரண்டு பேட்டரி சைக்கிள்களையும் பட்டை போட்டு இறுக்கிக்கொண்டிருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் தனக்கும் மனைவி ஜோலீனுக்குமாக அவர் வாங்கியவை அவை. பிளாக் ஹில்ஸ் மலையில் பழைய ரயில் தடத்தைச் சைக்கிள் பாதையாக்கியிருந்தார்கள். அதில் ஒரு வாரம் ஓட்ட வேண்டும் என்பது இருவரின் நெடுநாள் ஆசை.

சைக்கிள் ஒவ்வொன்றும் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் கனம். தாங்கியை லோவெல் டிரெய்லரின் பின் பம்பரில் மாட்டியிருந்தார். அந்தப் பம்பர் மெல்லிய தகட்டால் செய்த சதுரக் குழாய். கழிவுநீர்க் குழாயைச் சுருக்கி உள்ளே செருகி மூடிவைக்கத்தான் அது உதவும்.

ஜோலீன் அதை ஒரு கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"லோவெல், இது ஆடுது."

"அடிக்கிற காத்துல எல்லாந்தான் ஆடும்."

"காத்து ஆட்டல, நான் ஆட்டினேன். சைக்கிளை முன்னாடி இழுக்கற பிக்கப்போட தொட்டியில போட்டுக்கலாமே."

"அங்க எடம் எங்க? ஜெனரேட்டர் கெடக்கு, கரி அடுப்பு கெடக்கு, உன் மடக்கு நாற்காலி நாலு கெடக்கு."

"நாற்காலியை டிரெய்லருக்குள்ள வச்சுக்கறேன்."

"மறுபடி எல்லாத்தையும் எறக்கி ஏத்தணுமா? சூ ஃபால்ஸ்லேர்ந்து இதே மாதிரிதானே வந்தோம். ஏதாவது ஆச்சா?"

லோவெல் ஒன்றும் தெரியாதவர் அல்லர். முப்பது வருடம் கூரை வேலை ஒப்பந்தக்காரராக இருந்தவர். அவரிடம் வேலை பார்த்த ஒருவன் பலகைகளை இப்படிக் கட்டியிருந்தால், அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார். சாரத்தின் ஒவ்வொரு முடிச்சையும் தன் கையால் இழுத்துப் பார்க்காமல் யாரையும் ஏற விட்டதில்லை. ஆனால் அது வேலை, இது விடுமுறை. நம் வண்டி, நம் சைக்கிள், போனால் நம்முடையதுதானே போகப்போகிறது என்று அவருக்குள் ஒரு நினைப்பு இருந்தது. அந்த நினைப்போடுதான் கடைசிப் பட்டையை இறுக்கினார்.

வழியில் பெட்ரோல் போட நிறுத்தியபோது பங்க் முழுவதும் மோட்டார் சைக்கிள்கள். ஆகஸ்ட் மாதம் வந்தால் மலைப்பக்கம் நடக்கும் மோட்டார் சைக்கிள் திருவிழாவுக்கு நாடெங்கிலுமிருந்து ஆட்கள் வந்து குவிவார்கள். லோவெலின் டிரெய்லர் நீளத்துக்கு இரண்டு பம்புகளை மறித்துக்கொண்டு நின்றது. தோல் சட்டை போட்ட தாடிக்காரர் ஒருவர் ஜன்னலோரம் வந்தார்.

"பெரியவரே, போட்டு முடிச்சாச்சுன்னா கொஞ்சம் முன்னாடி எடுங்க. நாங்க பத்து பேர் நிக்கிறோம்."

"எனக்கு அவசரமில்ல."

"வீட்டையே இழுத்துக்கிட்டு வந்தா ரோடும் உங்களுதுன்னு நெனப்போ?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். லோவெலின் காது சிவந்துவிட்டது. வழக்கமாக நிறுத்தும் இடத்தில் எல்லாம் இறங்கி, டயரையும் கொக்கியையும் ஒரு சுற்று பார்ப்பவர் அவர். அன்றைக்கு அதற்காக இறங்கவில்லை. ரசீதைக்கூட எடுக்காமல் வண்டியைக் கிளப்பினார். பம்பரின் ஒரு மூலையில் வெல்டிங் கீறல் விட்டிருந்ததை அதனால் அவர் பார்க்கவில்லை.

நெடுஞ்சாலையில் காற்று பக்கவாட்டிலிருந்து மோதியது. இருபுறமும் வெறும் புல்வெளி. லோவெல் சூரியகாந்தி விதைகளைக் கொரித்துக்கொண்டே கோபத்தை மெல்ல ஆற்றிக்கொண்டிருந்தார். பக்கக் கண்ணாடிகளில் சாலை தெரியும், டிரெய்லரின் பக்கச் சுவர் தெரியும். அதன் முதுகுப்புறம் மட்டும் தெரியாது.

அந்த முதுகுப்புறத்தைப் பார்த்துக்கொண்டு பின்னால் வந்தவர் மார்லிஸ் என்ற பெண். பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை செய்பவர். பள்ளி திறக்கும்முன் அக்காவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று தன் மோட்டார் சைக்கிளில் தனியாகப் போய்க்கொண்டிருந்தார். முன்னால் போகும் டிரெய்லரில் சைக்கிள்கள் நேராக நிற்காமல் மல்லாக்கச் சாய்ந்திருப்பதைக் கண்டார். சாலையின் ஒவ்வொரு மேட்டிலும் பம்பர் இன்னும் கொஞ்சம் திருகிக்கொண்டது. வெளிப்பக்கச் சைக்கிளின் சக்கரம் தரையை உரசாத குறை.

மார்லிஸ் முன்விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார்.

"பாரு, பங்க்குலேர்ந்து தொரத்திக்கிட்டே வந்துட்டான்," என்றார் லோவெல்.

ஜோலீன் தன் பக்கக் கண்ணாடியில் பார்த்தார். "அந்த ஆள் மாதிரி இல்லையே. தாடி எங்க?"

"ஹெல்மெட்டுக்குள்ள தாடி வெளிய தெரியுமா?"

மோட்டார் சைக்கிள் வேகமெடுத்து லோவெலின் ஜன்னலுக்கு இணையாக வந்தது. கறுப்புச் சட்டை, கறுப்புக் கண்ணாடி போட்ட ஹெல்மெட். ஒரு கை மறுபடி மறுபடி பின்பக்கத்தைக் காட்டியது. பிறகு ஓரங்கட்டு என்பதுபோல் கீழ்நோக்கி அசைந்தது.

"நிறுத்தச் சொல்றான். தைரியத்தைப் பாரேன்."

"லோவெல், பின்னாடி எதையோ காட்டுறாங்க. ஓரமா நிறுத்திப் பாத்துடலாம்."

"இந்தப் பொட்டக்காட்டுலயா? நிறுத்தினா மத்த ஒம்பது பேரும் வந்து நிப்பாங்க."

"பகல்ல, இத்தனை வண்டி போற ரோட்டுல உன்னை யாரு என்ன பண்ணப்போறா?"

"நீ சும்மா இரு."

லோவெல் காலை அழுத்தினார். பிக்கப் உறுமிக்கொண்டு முன்னேறியது. பின்னால் டிரெய்லர் வாலை ஆட்ட ஆரம்பித்தது.

மார்லிஸ் டிரெய்லரைத் தாண்டிப் போயிருக்கலாம். தாண்டிவிட்டால் எது விழுந்தாலும் அவருக்கு ஆபத்தில்லை. அப்படிப் போகத்தான் கையை முறுக்கினார். அப்போது கண்ணாடியில் ஒரு வெள்ளி நிற வேன் பின்னால் நெருங்கி வருவது தெரிந்தது. அதன் முன்கண்ணாடி வழியே, பின்சீட்டில் இரண்டு சின்னத் தலைகள். வேன் ஓட்டுபவருக்கு அந்தத் தூரத்திலிருந்து அந்தச் சைக்கிள்கள் சாதாரணமாகத்தான் தெரியும். சாய்வு தெரியும் தூரத்துக்கு வந்துவிட்டால், அப்புறம் தப்ப நேரமிருக்காது.

மார்லிஸ் வேகத்தைக் குறைத்து டிரெய்லருக்கும் வேனுக்கும் நடுவில் வந்து ஓட்டினார். அபாய விளக்குகளைப் போட்டார். இடது கையை நீட்டி, மெதுவாக வா, மெதுவாக வா என்று காட்டினார். வேன்காரர் ஹாரன் அடித்தார். முந்தும் தடமான இடதுபக்கம் ஒதுங்கித் தாண்டப் பார்த்தார். மார்லிஸும் இடதுபக்கம் வந்து மறித்தார்.

"திருவிழாவுக்குப் போறேன்னு ரோட்டுல சர்க்கஸ் காட்டுறாங்க," என்று திட்டிக்கொண்டே வேன்காரர் பிரேக்கை மிதித்தார். இரண்டு வண்டிகளுக்கும் நடுவே இடைவெளி கூடியது. மார்லிஸுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

முன்னால், ஜோலீன் பேசுவதை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்தார். பெல்ட்டைத் தளர்த்தி, காற்றில் தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்தார். டிரெய்லர் ஆடியபோது அதன் மூலையைத் தாண்டி ஒரு கைப்பிடி தெரிந்தது, சக்கரத்தின் உயரத்தில்.

"சைக்கிள் கீழ தொங்குது. நிறுத்து, லோவெல். நிறுத்து."

லோவெல் காலை எடுத்தார். அதற்குள் ஒரு பாலம் வந்துவிட்டது. பாலத்தின் இணைப்பில் சக்கரங்கள் ஏறி இறங்கிய அதிர்ச்சியில் பம்பர் மொத்தமாகப் பிய்ந்தது.

தாங்கியும் இரண்டு சைக்கிள்களும் பம்பரோடு சாலையில் விழுந்து தீப்பொறி பறக்கச் சறுக்கின. ஒரு சைக்கிள் கழன்று சுழன்றுகொண்டே மார்லிஸை நோக்கி வந்தது. அதிலிருந்து விலகினார். தாங்கியின் இரும்புக் கையிலிருந்து விலக முடியவில்லை. முன்சக்கரம் அதில் ஏறியது. மோட்டார் சைக்கிள் பாலத்தைத் தாண்டிய புல்சரிவில் பாய்ந்து விழுந்தது.

வேன் கிரீச்சென்று நின்றது. கிடந்த இரும்புக்கும் அதற்கும் நடுவே இன்னொரு வேன் நிற்கும் இடம்தான் இருந்தது.

லோவெல் வெகுதூரம் தள்ளி ஓரமாக நிறுத்தினார். கண்ணாடியில் எல்லாம் சின்னதாகத் தெரிந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கால் இன்னும் பிரேக்கின் மேலேயே இருந்தது. அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டால் என்ன என்று ஒரு கணம், ஒரே கணம், அவர் மனம் கணக்குப் போட்டது. இவ்வளவு தூரத்தில் யார் எண்ணைப் பார்த்திருப்பார்கள்? கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஜோலீன் இறங்கி, காற்றை எதிர்த்துப் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தார். லோவெல் எஞ்சினை அணைத்தார்.

மார்லிஸ் புல்லில் கிடந்தார். ஹெல்மெட்டில் நீளமான கீறல். வலது தோள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. ஒரு கால் மடங்கிக் கிடந்தது. நினைவு இருந்தது. ஜோலீன் பக்கத்தில் உட்கார்ந்து, "அசையாதீங்கம்மா, ஆம்புலன்ஸ் வருது," என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜோலீன் தூக்கிவிட்ட ஹெல்மெட் கண்ணாடிக்குள், பின்னாலேயே வந்து சேர்ந்த லோவெல் தன் வயதையொத்த ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்தார்.

ஆம்புலன்சோடு நெடுஞ்சாலைக் காவலர் ஒருவரும் வந்து சேர்ந்தார். இளைஞர். சாலையில் கிடந்ததை ஓரத்துக்கு இழுத்துப் போட்டுவிட்டு லோவெலிடம் வந்தார்.

"என்ன நடந்துச்சு சார்?"

"பயங்கரக் காத்து. பாலத்துல ஒரு குலுக்கல்." லோவெல் புல்சரிவைக் கைகாட்டினார். "அவங்க ரொம்ப நேரமா எங்களைத் தொரத்திக்கிட்டு வந்தாங்க. லைட் அடிச்சாங்க, பக்கத்துல வந்து கையை ஆட்டி மெரட்டினாங்க. ஒட்டிக்கிட்டே வந்ததாலதான்…"

"என்னையும் மறிச்சாங்க," என்றார் வேன்காரர். "முன்னாடி போகவே விடல. வளைச்சு வளைச்சு ஓட்டினாங்க."

காவலர் எழுதிக்கொண்டார். அவர் முகத்தில் சந்தேகமில்லை. திருவிழா வாரத்தில் இதுபோல் எத்தனையோ கேட்டிருப்பார். லோவெல் இனி ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், பழி தானாகவே புல்லில் கிடக்கும் பெண்மேல் போய் விழுந்துவிடும். ஜோலீன் நிமிர்ந்து கணவரைப் பார்த்தார். லோவெலால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை.

மார்லிஸை ஸ்ட்ரெச்சரில் தூக்கினார்கள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே அவர் தலையைத் திருப்பினார்.

"வேன்ல ரெண்டு பிள்ளைங்க இருந்துச்சே. அதுங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

வேன்காரர் பதில் சொல்லத் திரும்பினார். தன் வேனைப் பார்த்தார். அதற்கு முன்னால் சாலையில் இரும்பு உரசிய வெள்ளைக் கோடுகளைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவே இருந்த வெற்றிடத்தைப் பார்த்தார்.

"நல்லாருக்காங்க," என்றார். "உங்களாலதான் நல்லாருக்காங்க. எனக்கு இப்பதான் புரியுது."

லோவெல் காவலரின் கையைத் தொட்டார். "தம்பி, நான் சொன்னதை அடிச்சிடுங்க."

"எதை சார்?"

"எல்லாத்தையும். காத்து மேல தப்பில்ல, அந்தம்மா மேலயும் தப்பில்ல. அந்தப் பம்பர் தாங்காதுன்னு எனக்குத் தெரியும். என் பொண்டாட்டி காலைலயே சொன்னா. பிக்கப்புல ஏத்தச் சோம்பல்பட்டேன். நிறுத்துன எடத்துல எறங்கிப் பாக்கல. அவங்க என்னை மெரட்டல. விழப்போகுதுன்னு காட்டினாங்க. நான் இன்னும் வேகமாப் போனேன்."

காவலர் எழுதியதை அடித்துவிட்டு, புதிதாக எழுதத் தொடங்கினார்.

பாரத்தைச் சரியாகக் கட்டாததற்காக லோவெல் மேல் வழக்குப் பதிவாயிற்று. மலைப்பயணம் நின்றது. மார்லிஸைச் சேர்த்திருந்த மருத்துவமனை இருந்த ஊரிலேயே டிரெய்லரை நிறுத்திவிட்டு, அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் கணவனும் மனைவியும் அவரைப் பார்க்கப் போனார்கள். தோளிலும் காலிலும் கட்டு. பள்ளி திறந்தாலும் குளிர்காலம் வரை பாத்திரம் தூக்க முடியாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

லோவெல் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "மன்னிச்சிடுங்கன்னு கேக்கறதுக்குக்கூட எனக்கு யோக்கியதை இல்ல."

"மன்னிக்கறது மெதுவா நடக்கட்டும். என் தோள் இன்னும் வலிக்குது," என்றார் மார்லிஸ். "நீங்க என்னைப் பத்தி என்ன நெனச்சீங்க, அதைச் சொல்லுங்க."

"ரவுடின்னு நெனச்சேன்."

"தெரியும். வேன்காரரும் அதையேதான் நெனச்சாரு. என் சட்டையைப் பாத்தீங்க, வண்டியைப் பாத்தீங்க. நான் கை காட்டின பக்கம் மட்டும் பாக்கல."

லோவெல் தலைகுனிந்தார். "இனிமே பம்பர்ல ஒரு துணிகூடத் தொங்கவிட மாட்டேன். பிக்கப்புல ஏத்துவேன். இல்லன்னா டிரெய்லர் சட்டத்தோடயே பலமா இரும்பு போட்டு, டிரெய்லருக்குன்னே செஞ்ச தாங்கியாப் பாத்து மாட்டுவேன். நிறுத்தற எடத்துல எல்லாம் எறங்கிப் பாப்பேன்."

"எதுக்கு? சைக்கிள் போயிடும்னா?"

அதுநாள்வரை தன் சாமான் போய்விடுமே என்றுதான் பார்த்துவந்தார் என்பது லோவெலுக்கே அப்போதுதான் விளங்கியது.

"கட்டியிருக்கற வரைக்கும்தான் சார் அது உங்க சாமான்," என்றார் மார்லிஸ். "அவுந்து விழுந்துட்டா, பின்னாடி வர்ற யாரோ ஒருத்தரோட உயிர் அது. அதனால சும்மா கட்டாதீங்க, அந்த உயிரை நெனச்சுக் கட்டுங்க. அந்த யாரோ ஒருத்தர் கை காட்டினா, மொதல்ல வண்டியை நிறுத்துங்க. சந்தேகத்தை அப்புறமாப் படலாம்."