மூன்று சாண் சஹன்

பாத்திரம் கழுவுகிற மெஷினின் கதவை மிஹ்லார் திறந்ததுமே ஹஃபீலாவுக்குத் தெரிந்துவிட்டது, அதற்குள் சஹன் போகாது. கண்ணை நம்பாமல், யாரும் பாராத நேரம் பார்த்துக் கையை விரித்து அளந்தும் பார்த்தாள். மெஷினின் வாய் இரண்டு சாணும் நாலு விரலும். சஹன் சரியாக மூன்று சாண். பாலாவிக் கல்யாண மண்டபத்தின் பின்பக்கத்தில் பதினொரு வருஷம் குந்தியிருந்து, ஆறு ஆறு பேராய்ச் சுற்றியிருந்து சாப்பிட்ட பெரிய சஹன் தட்டுகளைத் தேய்த்தவளுக்கு அதன் அகலம் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

வேறு யாருக்கும் தெரியவில்லை என்பதுதான் விஷயம். மண்டபத்து முதலாளி றிஸ்கான் கத்தாரில் ஹோட்டல் வேலை பார்த்துவிட்டு வந்தவர், எதையும் எழுதி வைத்துச் செய்கிற மனிதர். மெஷினுக்கு ஓடர் சொல்லுமுன் தன் சாமான் அறையைத் திறந்து பீங்கான், கோப்பை, கிளாஸ், கரண்டி என்று ஒன்று விடாமல் எழுதிக் கம்பனிக்கு அனுப்பினார். சஹன் அந்த அறையில் இல்லை. அது பள்ளிவாசலுக்குச் சொந்தம். கல்யாணத்தன்று காலையில் லொறியில் வந்திறங்கும், கழுவித் துடைத்ததும் அஸர் தொழுகைக்கு முன் திரும்பிப் போய்விடும். அறையில் இல்லாததை எந்த மனிதர் பட்டியலில் எழுதுவார்? பிறந்ததிலிருந்து சஹனில் கைவைத்துச் சாப்பிட்டவர்தான் அவரும். சாப்பிடுகிறவர்களுக்குக் கழுவுகிற நினைப்பு எங்கே வரப்போகிறது.

போன கிழமை றிஸ்கான் ஹஃபீலாவைக் கூப்பிட்டு நல்ல மரியாதையாகத்தான் சொன்னார். மெஷின் வந்தால் ஓராள் போதும், பொத்தானில் உள்ள எழுத்தை அலீமா வாசிப்பாள், ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்தோடு நீங்கள் ஆறுதலாக வீட்டில் இருங்கள் என்றார். அலீமா நோன்புப் பெருநாளுக்குப் பிறகு வந்து சேர்ந்த பெண், கிளாஸ் கழுவுகிறவள். உப்பளத்தில் லொறியிலிருந்து விழுந்து முழங்கால் போன புருஷன் யாக்கோபு வீட்டோடு கிடக்கிறார், உழைக்கிற ஆள் ஹஃபீலா ஒருத்தி. ஆறுதலாக இருக்கச் சொன்னவர் உலையில் எதைப் போடுவது என்று மட்டும் சொல்லவில்லை.

மெஷினைப் பொருத்திப் பூட்ட வந்த மிஹ்லார் சிலாபத்துப் பொடியன். வேலையில் படு கவனம், வாயும் ஓயாது. கழிவுக் குழாய் உயர்ந்துவிட்டால் அழுக்குத் தண்ணீர் திரும்பி வரும் என்று, மேசன் வைத்துவிட்டுப் போன குழாயைக் கழற்றித் தாழ்த்தினான். கிணற்றுத் தண்ணீரை நாக்கில் விட்டுப் பார்த்துத் துப்பினான். இந்தத் தண்ணீரை அப்படியே விட்டால் ஒரு மாதத்தில் பீங்கானெல்லாம் வெள்ளை படியுமாம். அதற்கென்று ஒரு வடிகட்டி பூட்டினான், அதற்கும் தனி உப்புப் போடவேண்டுமாம். உப்பளத்துக்காரருக்கே உப்பு விற்க வந்துவிட்டார்கள் என்று ஹஃபீலா மனதுக்குள் சிரித்துக்கொண்டாள். முன்பு ஓரிடத்தில் அவசரத்தில் எதையும் விசாரிக்காமல் பூட்டப்போய், குசினியெல்லாம் வெள்ளமாகி, கம்பனி தனக்கு எச்சரிக்கைக் கடிதம் தந்துவிட்டது என்றான். இன்னொரு பிழை வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். அதனால்தான் இப்போது எல்லாவற்றையும் எல்லோரிடமும் கேட்கிறானாம்.

கேட்டும் விட்டான். றிஸ்கான் லுஹர் தொழப் போயிருந்தார். அலீமா முன்பக்கத்தில் கதிரை துடைத்துக்கொண்டிருந்தாள். குழாயில் கையை வைத்தபடி மிஹ்லார் திரும்பினான்.

“தண்ணி விட்டா இனி கம்பனி திருப்பி எடுக்காது ராத்தா. பெரிய வாய் உள்ள மெஷினும் ஈக்கிது, மாத்துறெண்டா இப்பவே சொல்லணும். இதவிடப் பெரிய சாமான் ஏதும் கழுவுறீங்களா?”

ஹஃபீலா மெஷினின் வாயை இன்னொருமுறை பார்த்தாள். சொன்னால் பெரிய மெஷின் வரும், சஹன் உள்ளே போகும், அவள் வெளியே போவாள். சொல்லாவிட்டால் அவள் வேலை தப்பும். இவ்வளவுதான் கணக்கு. ஆனால் வீட்டுக்கு அனுப்பப்போகிறவளிடமே வந்து இதைக் கேட்கிறானே, இவன் தெரிந்து கேட்கிறானா தெரியாமல் கேட்கிறானா? முதலாளியைக் கேட்கவேண்டியதை என்னிடம் கேட்டால் நான் என்ன செய்ய? யா அல்லாஹ், இது எனக்கு வந்த சோதனையா, நீ திறந்துவிட்ட வழியா?

“மண்டபத்துச் சாமான்ல இதவிடப் பெருசு இல்ல தம்பி” என்றாள்.

அவன் தலையை ஆட்டிவிட்டுக் குழாயைத் திறந்தான்.

சொன்னதில் ஒரு சொல் பொய் இல்லை. சஹன் மண்டபத்துச் சாமானா என்ன? அதுதான் அவளை இன்னும் குழப்பியது. பொய் சொல்லவில்லையென்றால் நெஞ்சு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது? ஞாயிறு வரை நாலு நாளும் தொழுகையில் ரக்அத் எண்ணிக்கை தவறித் தவறிப் போனது. யாக்கோபு என்னவென்று கேட்டதற்கு, தலையிடி என்று சொல்லி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை எண்பது சஹன் வந்திறங்கியது. முதல் பந்தி எழும்பியதும் அலீமா ஒன்றைத் தூக்கிக்கொண்டு மெஷினுக்குப் போனாள். நேராக வைத்தாள், சரித்தாள், கவிழ்த்தாள். கதவைச் சாத்த முடியவில்லை. பிறகு றிஸ்கான் வந்து அதையே செய்து பார்த்தார். எல்லாம் முடிந்தபிறகு ஹஃபீலாவின் பக்கம் திரும்பி, நீங்க கழுவுங்க ராத்தா, எங்கயும் போயிடாதீங்க, இனியும் வாங்க என்றார். வேண்டியிருந்ததெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான். அது கிடைத்தும் சந்தோஷம் வரவில்லை. ஏன் வரவில்லை என்றும் விளங்கவில்லை.

றிஸ்கான் போன் போட்டு ஒரு மணி நேரத்தில் மிஹ்லார் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றான். சஹனைக் கண்டதுமே அவன் முகம் செத்துப்போனது. சமையல்காரர், அலீமா, மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பேர் என்று ஆட்கள் சுற்றி நிற்க, றிஸ்கான் கேட்டார்.

“என்னென்ன கழுவுறதெண்டு கேக்காமலா பூட்டின நீ?”

ஹஃபீலாவின் கை தண்ணீருக்குள் நின்றுவிட்டது. இதோ, இவளிடம்தான் கேட்டேன் என்று கையை நீட்டப்போகிறான். மிஹ்லார் அவளைப் பார்த்தான். நிறைய நேரம் இல்லை, ஒருமுறைதான்.

“கேக்கல்ல முதலாளி. பிழை என்னுடதான்.”

மறந்துவிட்டானா? அல்லது சட்டி பானை கழுவுகிறவளிடம் கேட்டதை ஒரு கேள்வியாகவே அவன் கணக்கில் எடுக்கவில்லையா? இல்லை, எல்லாம் விளங்கித்தான் சொன்னானா? விளங்கியிருந்தால், நான் இவனுக்கு யார், எனக்காக இவன் ஏன் தன் வேலையைக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும்? அவன் கேட்டான், நான்தான் சொல்லவில்லை என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். இரண்டாம் பந்திச் சஹன்கள் அந்த நேரம் பார்த்துத் தடதடவென்று வந்து இறங்கின. கம்பனிக்காரரோடு கதைத்துக்கொள்கிறேன் என்று றிஸ்கான் உள்ளே போய்விட்டார். அவள் வந்த சஹனை இழுத்துத் தண்ணீருக்குள் போட்டாள்.

மிஹ்லார் போகவில்லை. கை மணிக்கூட்டைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டான், கையை மடித்துவிட்டான், வந்து அவளுக்கு எதிரே குந்தினான். ஒரு சஹனை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினான். பழக்கமில்லாத கை. அலச அவளிடம் நீட்டியபோது விளிம்பில் சோறு ஒட்டியே இருந்தது. அவள் அதை நகத்தால் சுரண்டி எடுத்தாள். ஓரமெல்லாம் தடவிப் பார்த்து அலசினாள். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்ப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

அதற்குள் அவன் அடுத்த சஹனை நீட்டினான். அவள் வாங்கினாள்.