குமிழி விட்ட பயோடீசல்

பயோடீசலைக் கெடுப்பது எப்படி என்று யாருக்காவது சந்தேகம் இருந்தால் எங்கள் ஆலையின் வரவேற்பறைக்கு வரலாம். விருந்தினர் பார்க்கட்டும் என்று மேனேஜர் அங்கே கண்ணாடித் தொட்டியில் எங்கள் எண்ணெயை நிரப்பி வைத்திருந்தார். மேலே கண் கூசும் விளக்கு. கீழே தேய்த்துத் தேய்த்துப் பளபளக்கும் பித்தளைக் குழாய். அதுவும் போதாமல், மீன் தொட்டிக்குப் போடும் காற்று மோட்டாரை வாங்கி எண்ணெய்க்குள் குமிழி வேறு விட்டார்.

நான் ஆலையின் கெமிஸ்ட். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். நேராகப் போய்ச் சொன்னேன்.

"சார், எண்ணெய் எவ்வளவு நாள் தாங்கும்னு பாக்க லேப்ல சூடு பண்ணி இப்படித்தான் காத்து விட்டுக் கெடுப்போம். வெளிச்சமும் பித்தளையும் சேர்ந்தா இன்னும் சீக்கிரம் கெடும்."

"படிச்ச புள்ளைங்களுக்கு ரசனையே இல்லம்மா. குமிழி வந்தாத்தான் ஒரு உயிரோட்டம்."

உயிர் போவது அப்பாவுக்கு. எங்கள் எண்ணெயில் ஓடும் ஆலை பஸ்ஸின் டிரைவர் அவர். முன்பு ஒரு தடவை கெட்டுப்போன எண்ணெய் பிசினாகி ஃபில்டரை அடைத்து, பஸ் நடுரோட்டில் நின்றது. டிரைவருக்கு ஓட்டத் தெரியவில்லை என்று முடிவு கட்டினார்கள். இன்னொரு தடவை நின்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

விருந்தினர் வந்த அன்று எண்ணெய் பழுப்பேறி, பெயின்ட் வாடை அடித்தது. மேனேஜர் அதைத் தேன் நிறம் என்றார். அவர்களை ஏற்றிப்போக வேண்டிய பஸ்ஸை வாசலில் நிறுத்தி, எல்லாரும் பார்க்கத் தொட்டியிலிருந்து ஊற்றச் சொன்னார். அப்பா என் காதோரம், "சும்மா இரும்மா, வாயக் குடுக்காத" என்றார்.

கொடுத்தேன்.

"சார், முதல்ல உங்க டீசல் கார்லயே ஊத்துவோம். வந்திருக்கவங்க உங்க கூட வரட்டும்."

"நல்ல யோசனை" என்றார் ஒரு விருந்தினர்.

மேனேஜர் அவசரமாகச் சொன்னார்: "என் கார் வாரண்டியில இருக்கும்மா. கண்டதையும் ஊத்த முடியாது."

மோட்டார் குபுகுபுவென்று குமிழி விட்டது. ரப்பர் குழாயை மாட்டப் போன அப்பா அதைக் கீழே வைத்தார்.

"அப்ப பஸ்ஸுக்கும் வேண்டாம் சார். என் வேலைக்கு வாரண்டி கிடையாது."

விருந்தினர் சிரித்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல், பின்கட்டில் நான் காற்றுப் புகாமல் மூடி வைத்திருந்த இரும்பு டிரம்மிலிருந்து பஸ்ஸுக்கு எண்ணெய் வந்தது. பஸ் நிற்காமல் போய்த் திரும்பியது.

மறுநாள் தொட்டியில் ஒரு பலகை தொங்கியது: காட்சிக்கு மட்டும். மோட்டாரை இன்னும் நிறுத்தவில்லை. ரசனை.