அறையில் வேறு யாரும் இல்லை

அறையில் மாணவரைத் தவிர யாரும் இருக்கக் கூடாது, மீறினால் பேப்பர் ரத்து என்று ஆன்லைன் பரீட்சைக்கு எந்தப் புண்ணியவானோ விதி எழுதியிருந்தான். அவன் வீட்டில் குறைந்தது நாலு அறையாவது இருக்கும். சாந்தோம் ஹவுசிங் போர்டு மூன்றாவது மாடியில் தமிழ்நிலாவுக்கு இருந்தது ஒரே அறை. அதில் ஒரு கட்டில். கட்டிலில் அவள் அப்பா கதிரேசன்.

இரண்டு வருஷத்துக்கு முன் பாலவாக்கத்தில் ஒரு வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும்போது சாரத்திலிருந்து விழுந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. முதுகுப்புண் ஆறும்வரை கட்டிலை விட்டு இறக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா தாயம்மா மயிலாப்பூரில் வீட்டு வேலைக்குப் போனாள். அவரைப் பார்த்துக்கொள்ளத்தான் தமிழ்நிலா காலேஜை விட்டுவிட்டு ஆன்லைன் பி.காம். சேர்ந்தாள். யாருக்காக வீட்டிலிருந்து படிக்க வந்தாளோ, அவரே இன்று அறையில் இருக்கக் கூடாதாம். என்ன அநியாயம்! அக்கம்பக்கத்தில் போய் எழுதலாமென்றால் அங்கேயும் அதே ஒற்றை அறைதான், ஆட்கள்தான் அதிகம்.

வழி சொன்னவர் கதிரேசன். "போர்வைய இஸ்து மொகத்தோட மூடிடு. துணி மூட்டைன்னு நெனச்சிக்குவாங்கோ. ரெண்டு மணி நேரந்தானே, கம்முனு கெடக்கறேன்."

"உசுரோட கீற மனுசன் மொகத்த யாராவது மூடுவாங்களாய்யா?" தாயம்மா பதறினாள்.

"நீ இன்னாடி, புள்ளைக்கு டைம் ஆவுது." அவரே போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். தாயம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு படிக்கட்டுக்குப் போய்விட்டாள்.

பரீட்சைக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் மேற்பார்வைக்கு வந்த ஸ்ரீரஞ்சனி மேடம் போனில் தெரிந்தார். "ரூமைச் சுத்திக் காட்டும்மா."

தமிழ்நிலா போனைத் தூக்கிச் சுற்றினாள். அடுப்பு, பீரோ, கட்டில்.

"இரு. கட்டில்ல என்ன?"

"துணி மேடம்." சட்டென்று வந்துவிட்டது. சொன்ன வாய் கசந்தது. போர்வை கொஞ்சமும் அசையவில்லை. மனிதர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தார், மகளின் பரீட்சைக்காக, பிணம் மாதிரி.

அவளால் தாங்க முடியவில்லை. ஒரு வருஷப் படிப்பு போனால் போகட்டும்.

"பொய் சொல்லிட்டேன் மேடம். அது எங்க நைனா. அவரால எழுந்து போவ முடியாது."

ரத்து என்ற வார்த்தைக்காகத் தமிழ்நிலா காத்து நின்றாள்.

"முதல்ல அவர் மூஞ்சியத் திற. மூச்சு முட்டப் போறது," என்றார் மேடம். "அவரும் தெரியற மாதிரி போனை வை. அவர் உனக்கு எதுவும் சொல்லித் தரலைன்னு நான் பார்த்துண்டிருக்கேன். ஆபீசுக்கும் அப்படியே எழுதிடறேன். கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்."

போர்வையை விலக்கினாள். வியர்வையில் நனைந்து கிடந்த முகத்தைக் கதிரேசன் புறங்கையால் துடைத்துக்கொண்டார். டாக்டரைத் தவிர வெளியாள் ஒருவர் அந்த முகத்தைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

"மேடம் பாக்கறாங்கோ," என்று மகளிடம் கிசுகிசுத்தார். "அந்தச் சீப்ப எடும்மா."