மழைத்தண்ணிப் பருப்பு

"செருப்பைப் போடும்!"

செல்வரட்ணம் இப்படிக் கத்தி ஜெயமலர் ஒருநாளும் கேட்டதில்லை. டெராஸ் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைக்கப் போனவள், அந்தக் காலை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் இந்தக் கத்துக் கத்துறியள்? நல்ல வெயில். கல்லும் இளஞ்சூடாக் கிடக்குது."

"பாசி. வழுக்கும்."

"பாசியிலை நடக்கத் தெரியாத ஆளே நான்?"

"ஐஞ்சு மாசப் பிள்ளைத்தாச்சி. உள்ளுக்குப் போம் எண்டுறன்."

அவள் போகவில்லை. கதவு நிலையில் சாய்ந்து நின்று புருசனை மேலும் கீழும் பார்த்தாள். முழங்கால் வரை றப்பர் பூட்ஸ். கையில் கையுறை. மூக்கையும் வாயையும் மூடி ஒரு லேஞ்சி.

"அதென்ன வாயிலை லேஞ்சி? களவெடுக்கப் போறியளோ?"

"தூசு."

"தண்ணி ஊத்தித் தேய்க்கேக்கை எங்காலை தூசு?"

அவன் நீட்டுப் பிடி போட்ட பிறஸால் கல்லைத் தேய்த்தான்.

மியூனிக்குக்குத் தெற்கே இருந்த அந்தச் சின்ன ஊரில், தேவாலயக்காரர் பிடித்துக் கொடுத்த வீடு அது. மேல்மாடியில் வீட்டுக்காரி பிராவ் ஹூபர். கீழே இவர்களுக்கு ஓர் அறையும் ஒரு குசினியும். குசினிக் கதவைத் திறந்தால் டெராஸ், தோட்டத்துப் பக்கம் கல் பதித்த முற்றம். பனிக்காலம் முழுக்க அங்கே உக்கிய இலையும் பாசியும் பிடித்துக் கிடக்கும். மே மாதம் வெயில் எறித்ததும் அதைக் கழுவி, நிலவறையிலிருந்து கதிரைகளை ஏற்றி, மேசைக்குப் பூப்போட்ட சீலை விரித்து, கோப்பி குடிக்க இருப்பது பிராவ் ஹூபரின் வழக்கம். இந்த வருசம் அந்த மனிசிக்கு முழங்கால் வீக்கம். "நான் கழுவித் தாறன்" என்று கையால் காட்டி வாக்குக் கொடுத்தவள் ஜெயமலர்தான். வேலையைப் பறித்தவன் இவன்.

"ஞாயிற்றுக்கிழமை கோப்பிக் கோப்பையைக்கூடக் கழுவி வைக்காத மனிசன்," என்றாள். "இண்டைக்கு என்ன பிடிச்சது உங்களுக்கு?"

"ஒண்டும் பிடிக்கேல்லை."

"அப்ப அந்தப் பானையையும் தள்ளி வையுங்கோ. ஊத்தைத் தண்ணி தெறிக்கப் போகுது."

கூரைப் பீலியின் கீழே மூடி போட்டு வைத்திருந்த பெரிய அலுமினியப் பானை அது. அந்த ஊர்க் குழாய்த் தண்ணீர் சரியான கல்லுத் தண்ணீர். கேத்திலுக்குள் வெள்ளைப் பொருக்குப் பிடிக்கும். துவரம்பருப்பு எவ்வளவு கொதித்தாலும் மசியாது. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரோடு மல்லுக்கட்டி வளர்ந்தவளுக்கு அதற்கு வழி தெரியும். மழை பெய்தால் பானையை வைத்துவிடுவாள். புதன்கிழமை பெய்த மழையில் பானை நிரம்பி வழிந்தது. வியாழக்கிழமை மத்தியானம் வைத்த பருப்பு பூவாய் அவிந்தது. அவளே இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாள்.

"ஆனா இஞ்சாருங்கோ, நேற்றைய பருப்பு மட்டும் ஏன் அப்பிடிக் கிடந்தது? அதே தண்ணி, அதே பருப்பு. சல்லிக்கல்லு மாதிரி."

செல்வரட்ணத்தின் பிறஸ் ஒரு கணம் நின்றது. பிறகு முன்னையைவிட வேகமாக ஓடியது.

அந்த நேரத்தில்தான் பக்கத்துப் படலையைத் திறந்துகொண்டு அம்பிகா அக்கா வந்தாள். இவர்களுக்கு முன்னமே வந்து ஜெர்மன் படித்தவள். ஒரு டொச்சுக் கடிதம் வந்தால் சுற்றுவட்டாரத்துத் தமிழர் அவளைத்தான் தேடுவார்கள். இரண்டு கையிலும் பால்மா டின்கள்.

"நல்ல வேலை செய்யிறாய் தம்பி. கழுவு, வடிவாக் கழுவு. றேடியோவிலையும் அதைத்தான் சொல்லுறாங்கள். பிள்ளை, இந்தா பால்மா. இனிப் பசும்பால் குடியாதை. கீரை, சலாட் ஒண்டும் தொடாதை. மழையிலை நனைஞ்சதெல்லாம் நஞ்சாம்."

"அக்கா!" என்றான் செல்வரட்ணம்.

"என்ன அக்கா? நீ இவளுக்குச் சொல்லேல்லையே?"

"என்ன சொல்லேல்லை?" என்றாள் ஜெயமலர்.

இனி மூடி மறைக்க இடமில்லை. அம்பிகா டின்களைப் படியில் வைத்தாள்.

"ருசியாவிலை ஒரு கறன்ற் எடுக்கிற இடம் வெடிச்சிட்டுதாம். அணுக்கறன்ற்."

"ருசியாவிலை வெடிச்சா இஞ்சை என்ன?"

"காத்திலை முகில் வந்ததாம். புதன்கிழமை மழையோடை எங்கட பக்கம் இறங்கிட்டுதாம்."

"கறுத்த மழையே? நான் பாத்தனான், நல்ல தெளிஞ்ச தண்ணி."

"நிறமும் இல்லை, மணமும் இல்லையாம். மெசின் வைச்சாத்தான் தெரியுமாம்."

"காய்ச்சினாப் போகுமோ?"

"காய்ச்சினாலும் போகாதாம். ஏன் பிள்ளை கேக்கிறாய்?"

ஜெயமலர் பானையைப் பார்த்தாள். அம்பிகாவும் திரும்பிப் பானையைப் பார்த்தாள். இரண்டு கையையும் வாயில் வைத்துக்கொண்டாள்.

செல்வரட்ணம் லேஞ்சியைக் கழற்றினான்.

"அது மழைத்தண்ணி இல்லை. குழாய்த்தண்ணி. வியாழன் பின்னேரம் கூட்டாளி கிறிஸ்தோப்பர் இருக்கிற அகதி முகாமிலை ரீவி பாத்தனான். அங்கை சொன்னவங்கள். வந்தவுடனை பானையைக் கவிட்டு, தேய்ச்சுக் கழுவி, குழாய்த்தண்ணி நிரப்பி வைச்சனான். அதுதான் நேற்றுப் பருப்பு அவியேல்லை."

"வியாழன் பின்னேரம்."

"ஓம்."

"நான் மத்தியானமே சாப்பிட்டிட்டன்."

அவன் நிலத்தைப் பார்த்தான்.

"ரெண்டு நாளா உங்களுக்குத் தெரியும். எனக்குப் பக்கத்திலைதான் படுத்தனீங்கள். பருப்பு அவியேல்லை எண்டு நான் புறுபுறுக்கக் கேட்டுக்கொண்டு இருந்தனீங்கள்."

"என்னெண்டு சொல்லுறது, மலர்? எண்பத்திமூண்டிலை, கொழும்பிலை, உம்மடை அண்ணையின்ர கடையைக் கொளுத்தினதெண்டு நான்தானே ஓடி வந்து சொன்னனான். அண்டைக்குப் பின்னேரமே உம்மடை வயித்திலை இருந்த எங்கட முதல் பிள்ளை போச்சுது. பயத்திலைதான் போனது எண்டு எல்லாரும் சொன்னவை. இந்த முறை என்ர வாயாலை வரக்கூடாது எண்டு நினைச்சன்."

"அப்ப பயத்துக்குப் பயந்தே நஞ்சைச் சொல்லாமல் விட்டனீங்கள்? நான் இண்டைக்கு வெறுங்காலோடை இதுக்குள்ளை இறங்கியிருந்தா?"

"இறங்க விடேல்லைத்தானே!"

"கத்தாதை தம்பி," என்றாள் அம்பிகா. "மேலை மனிசி பாக்குது."

பிராவ் ஹூபர் தடியை ஊன்றி ஊன்றி இறங்கி வந்தாள். ஒரு கையில் பொலித்தீன் பை. அதற்குள் அவள் பாத்தியிலிருந்து பிடுங்கின சலாட் எல்லாம் வேரோடு. அம்பிகா படபடவென்று ஜெர்மனில் சொன்னாள். கிழவி பானையைப் பார்த்தாள், ஜெயமலரின் வயிற்றைப் பார்த்தாள். "நைன், நைன்" என்று தலையாட்டிவிட்டு நீளமாக எதையோ பேசினாள்.

"என்னவாம்?"

"ஒரு நேரம் சாப்பிட்டதுக்கு ஒண்டும் வராதாம்."

"அவவுக்கு எப்பிடித் தெரியுமாம்?"

அம்பிகா கேட்டாள். பிராவ் ஹூபர் பையைப் படியில் வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"தெரியாதாம். ஒருத்தருக்கும் சரியாத் தெரியாதாம். திங்கட்கிழமை தன்ர டொக்டரிட்டை உன்னைக் கூட்டிக்கொண்டு போறாவாம். இந்த வருசம் கதிரை ஏத்த வேண்டாமாம். கல்லை மட்டும் கழுவி விடட்டாம்."

கிழவி செல்வரட்ணத்திடம் தோட்டத்துக் குழாயை நீட்டினாள். அவன் வாங்காமல் ஜெயமலரையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அவளே தடியைச் சுவரில் சாத்திவிட்டு, நொண்டி நொண்டித் தண்ணீரைத் திறந்தாள். கல்லில் பட்ட தண்ணீர் பச்சையாக ஓடிக் குழிக்குள் இறங்கியது. பார்ப்பதற்கு அது வெறும் பாசித் தண்ணீர்தான்.

அம்பிகாவைப் படலை வரைக்கும் கொண்டுபோய் விட்டவன் செல்வரட்ணம். அங்கே இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் கதைத்தார்கள். ஜெயமலர் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் திரும்பி வந்து, பூட்ஸை வாசலிலேயே கழற்றி, கையைச் சவுக்காரம் போட்டு இரண்டு தரம் கழுவினான். அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. குழாயில் அவளே தண்ணீர் பிடித்து வைத்த பருப்பு.

"அக்கா படலையடியிலை என்ன சொன்னவ?"

"ஒண்டும் இல்லை. பஸ் நேரம்..."

"இஞ்சை பாருங்கோ." அவள் அகப்பையைக் கீழே வைத்தாள். "பயந்தாலும் நான் தெரிஞ்சு பயப்பிடுறன். தெரியாமல் சிரிச்சுக்கொண்டு இருக்க என்னாலை ஏலாது. என்ன சொன்னவ?"

அவன் கதிரையில் இருந்தான். எழும்பினான். மறுபடியும் இருந்தான்.

"இஞ்சை சில பொம்பிளையள் டொக்டரிட்டைப் போய்க் கேக்கினமாம்."

"என்னத்தை?"

"கலைச்சுப்போடச் சொல்லி. பிள்ளை குறையோடை பிறந்திடும் எண்டு."

வெளியே தண்ணீர் இன்னும் கல்லில் அடித்துக்கொண்டிருந்தது.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"உம்மைக் கேக்க வேணும் எண்டனான்."

"அப்ப கேளுங்கோ."

"மலர்..."

"கேளுங்கோ எண்டுறன். உங்கட வாயாலை வரட்டும்."

அவன் எழும்பி அவள் பக்கத்தில் வந்து நின்றான். "எங்களுக்கு இந்தப் பிள்ளை வேணுமோ?"

"வேணும்," என்றாள். யோசிக்கவேயில்லை. "என்னவா வந்தாலும் வேணும். கண் தெரியாமல் வந்தாலும் வேணும். திங்கட்கிழமை டொக்டர் என்ன சொன்னாலும் எனக்குச் சொல்லுங்கோ. ஒரு சொல்லும் விடாமல். ஆனா இதை மட்டும் திருப்பிக் கேக்காதேங்கோ."

"கேக்கமாட்டன்."

"எனக்குப் பயமாக் கிடக்குது."

"எனக்கும்."

"உங்களுக்கு ரெண்டு நாள் முந்தியே தொடங்கிட்டுது," என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை.

அவள் அகப்பையால் ஒரு பருப்பை எடுத்து, ஊதி, இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தாள். நசுங்கவில்லை. அவனிடம் நீட்டினாள். அவனும் நசுக்கிப் பார்த்தான்.

"அவியேல்லை," என்றான்.

"நல்லது," என்றாள் ஜெயமலர். அடுப்பைக் கூட்டி வைத்தாள்.