ஆக்சில் முடியட்டும்

பிஷப் ஆல்ரெட் வந்தபோது என் மகன் கோல்பியின் இரண்டு கையிலும் மஞ்சள் பெயிண்ட். கை கொடுக்க முடியாது. நீட்டிய கையைப் பிஷப் தானே மடக்கிக்கொண்டு, மூடி கழற்றி வைத்திருந்த ஜீப்பின் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்தார். எங்கள் ஊரில் பிஷப் என்றால் ஞாயிற்றுக்கிழமைக்குத்தான், மற்ற நாளில் அவர் பல் டாக்டர். ஆக்சிலுக்குள் இருந்த பல் சக்கரத்தில் மஞ்சள் பூசியிருந்ததைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. துக்க வீட்டுக்கு வருகிறவர்களுக்குப் பேச ஏதாவது ஒன்று அகப்பட்டால் போதும், அப்படி ஒரு நிம்மதி.

"எதுக்குப்பா பெயிண்ட்?"

"கடி சரியா இருக்கான்னு பாக்க, பிஷப். சுத்தி விட்டா ரெண்டு பல்லும் எந்த எடத்துல தொடுதோ அங்க பெயிண்ட் அழியும்."

"நாங்க நீலக் காகிதத்த வச்சுக் கடிக்கச் சொல்லுவோம். அதே கததான்." சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, குரலை இறக்கிக்கொண்டு, "நோலா சகோதரி, ஜாரமுக்கு ஒரு நாள் வைக்கலாமான்னு கேக்கத்தான் வந்தேன். எல்லாரும் கேக்குறாங்க. உடல் இல்லாட்டியும் ஆராதனை வைக்கலாம். உங்களுக்கும் கொஞ்சம் ஆறுதலா இருக்கும்" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் கோல்பி சொன்னான். "ஆக்சில் முடியட்டும், பிஷப்."

பிஷப் என்னைப் பார்த்தார். நான் ஆக்சிலைப் பார்த்தேன்.

ஜாரம் என் இளையவன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், அக்டோபரில், மோட்டார் பைக்கைப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு போனான். மான் வேட்டைக் காலம், ஊரில் பாதி ஆண்கள் மலையில்தான் இருந்தார்கள், அதனால் நானும் எங்கே என்று கேட்கவில்லை. மழைக்கு மட்டும் தண்ணீர் ஓடுகிற கிழட்டுக்குதிரை ஓடை மலையை விட்டு இறங்குகிற இடத்தில் பிக்கப் நின்றது. பைக்கை இறக்கிய பலகை இறக்கியபடியே சாய்ந்திருந்தது. பைக்கும் இல்லை, அவனும் இல்லை. ஷெரிஃப் ஆட்கள் வந்தார்கள், நாய் வந்தது, ஹெலிகாப்டர் வந்தது, பொழுதுபோக்குக்குப் பாறையில் வண்டி ஏற்றுகிற எங்கள் ஜீப் சங்கத்து ஆட்கள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு வந்தார்கள். அப்புறம் பனி வந்தது, எல்லாரும் போய்விட்டார்கள். யாரையும் குறை சொல்ல மாட்டேன், அவரவருக்குப் பிள்ளை குட்டி இருக்கிறது. சபைச் சகோதரிகள் ஒருநாள் பாலாடைக்கட்டி போட்ட உருளைக்கிழங்குத் தட்டோடு வந்தார்கள். அது எங்கள் சபையில் அடக்கத்துக்குக் கொண்டுவருகிற சாப்பாடு. நான் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, வீட்டில் சமைத்திருக்கிறேன் என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். அடுப்பு பற்றவைத்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

தேடாத இடம் ஒன்றுதான் பாக்கி. ஓடை மேலே போய் இரண்டாகப் பிரிகிறது. அதில் வலது கிளையை வானத்திலிருந்து மட்டும்தான் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் பாறை குடைபோல் கவிந்திருக்கிற இடம், மேலிருந்து பார்த்தால் பாறையின் முதுகுதான் தெரியும். நடந்து போகலாமே என்பார்கள். கோல்பி நடந்தும் பார்த்தான். முதுகில் எவ்வளவு தண்ணீர் தூக்க முடியுமோ அவ்வளவுதான் தூரம், பாதியில் திரும்பினான். வண்டி போனால் தண்ணீரும் கூடாரமும் ஏற்றிக்கொண்டு நாள்கணக்கில் தங்கி ஒவ்வொரு பொந்தாகப் பார்க்கலாம். ஆனால் அவன் போன கையோடு வந்த வெள்ளம் பாதையை அரித்து, கிளை தொடங்குகிற இடத்தில் இடுப்பளவுக்கு ஒரு பாறைப்படியை விட்டுவிட்டுப் போயிருந்தது. போன ஜூனில் அதில் ஏறப் பார்த்தோம். படியின் வலது பக்கத்து வெடிப்பில் சக்கரம் மாட்டிச் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்து சட்டென்று பிடித்தது, துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். பின் ஆக்சிலுக்குள் சக்கரத்தைச் சுற்றுகிற ஷாஃப்ட் இரண்டு துண்டு. சக்கரம் ஷாஃப்டையும் இழுத்துக்கொண்டு தனியாக வெளியே வந்து விழுந்தது. வண்டியோடு வந்த ஆக்சில் அது. கடைக்குப் போகிற வண்டிக்கு அது தாங்கும், பாறைக்குத் தாங்காது என்று கோல்பி சொன்னான்.

அப்படித்தான் இந்த வேலை ஆரம்பித்தது. பழைய வண்டிக் கிடங்கு வைத்திருக்கிற ரூலன், மரத்தில் மோதிய ஒரு கனத்த வண்டியிலிருந்து பின் ஆக்சிலை உருவிக் கொடுத்தான். ஷாஃப்ட் என் மணிக்கட்டு கனம் இருந்தது. பழைய தாங்கிகளையெல்லாம் அறுத்து எடுத்து, எங்கள் ஜீப்பின் வில் பட்டைகள் உட்காருகிற மாதிரி புதுசாக வெல்டு வைக்க வேண்டும். ஒரே மூச்சில் வைத்தால் சூட்டில் குழாய் வளைந்துவிடும். ஒரு விரலளவு வைத்து, ஆறவிட்டு, எதிர்ப்பக்கம் ஒரு விரலளவு. முன் ஆக்சிலில் என்ன கியரோ அதே கியர் பின்னாலும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும்போது ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். ரூலன் கணக்குப்படி இது இரண்டு சனிக்கிழமை வேலை. கோல்பி யார் என்று நினைக்கிறீர்கள், நிலக்கரிச் சுரங்கத்தில் வீடு அளவு எந்திரங்களைப் பிரித்துப் பூட்டுகிறவன். அவனுக்கு இது கோடை முழுக்கப் பிடித்தது, இலையுதிர்காலம் முழுக்கப் பிடித்தது, குளிர்காலத்தில் கொட்டகையில் ஹீட்டர் போட்டுக்கொண்டு செய்தான். மஞ்சள் பூசுவான், சுற்றுவான், டார்ச் அடித்துப் பார்ப்பான். "இல்லம்மா, கொஞ்சம் வெளிய தொடுது" என்பான். எல்லாவற்றையும் கழற்றி, காகிதக் கனத்துக்கு ஒரு தகட்டு வளையத்தைப் போட்டு, மறுபடி பூட்டுவான். எனக்கு அந்த மஞ்சள் எல்லாத் தடவையும் ஒரே மாதிரிதான் தெரிந்தது.

வசந்தத்தில் சோதனை ஓட்டம் தொடங்கினோம். முதலில் ஊருக்குப் பின்னால் இருக்கிற வழுக்குப் பாறை மேடு. பல்லி மாதிரி ஏறினது. அடுத்த வாரம் உருண்டைக்கல் ஓடை, எங்கள் சங்கத்தில் எத்தனையோ பேர் வண்டியை உடைத்துக்கொண்ட இடம். அதிலும் ஏறினது. திரும்பி வரும்போது கோல்பி ரேடியோவை அணைத்துவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டு ஓட்டினான்.

"கேக்குதாம்மா?"

"என்னது?"

"ஊளை மாதிரி. பின்னாடி."

எனக்குக் காற்றுச் சத்தம்தான் கேட்டது. கேட்கிற மாதிரி இருக்கிறது என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அவனும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து மறுபடி மூடியைக் கழற்றினான். பிஷப் வந்தது அந்த வாரம்தான்.

ஜாரம் மேலே அந்தக் கிளையில் இருந்தால் அவன் செத்துப்போனவன். மேலே இல்லாவிட்டால், தேடுவதற்கு எங்களுக்கு வேறு இடம் கிடையாது. இதை நானும் கோல்பியும் வாய்விட்டுப் பேசிக்கொண்டதே இல்லை. ஆக்சிலைப் பற்றித்தான் பேசுவோம். சாப்பிடும்போது ஆக்சில், ஜெபத்துக்கு முன்னால் ஆக்சில். சில இரவு படுத்துக்கொண்டு, அவன் பக்கத்து மாநிலமான நெவாடாவுக்கு யாரோடோ போய், ஏதாவது ஓட்டலில் தட்டுக் கழுவிக்கொண்டிருக்கிறான், அம்மா மேல் ஏதோ கோபம், அது தீர்ந்ததும் போன் பண்ணுவான் என்று நினைத்துக்கொள்வேன். அந்தக் கிளையை யாரும் பார்க்காத வரைக்கும் அப்படி நினைக்க இடம் இருந்தது.

ரூலன்தான் அதை முடித்துவைத்தான். ஒருநாள் கொட்டகைக்குள் வந்து, டார்ச்சைக் கோல்பி கையிலிருந்து பிடுங்கி உள்ளே அடித்துப் பார்த்தான். நல்ல குண்டு மனிதன், குனிந்து எழுவதற்கே மூச்சு வாங்கும்.

"இத விட நல்லா எந்தக் கம்பெனிக்காரனும் பூட்ட மாட்டான்டா. என் பொண்டாட்டி பல்லே இந்த லட்சணத்துல இல்ல."

"ஊள கேக்குது, ரூலன்."

"ஒனக்குக் கேக்கும்." ரூலன் டார்ச்சை அணைத்தான். "இன்னொரு வாட்டி பிரிச்சேன்னு வையி, நானே வந்து மூடிய சுத்தி வெல்டு வச்சிருவேன். நோலாக்கா, நீங்களாவது சொல்லுங்க."

"சனிக்கிழமை போலாம்" என்றேன். வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை. கோல்பி கந்தல் துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைக்க ஆரம்பித்தான்.

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். தனி வண்டியாகப் போகக் கூடாது என்பது சங்கத்து விதி, அதனால் ரூலன் தன் பிக்கப்பில் பின்னால் வந்தான். அவன் வண்டி படியில் ஏறாது. கீழே நிறுத்தி, மடக்கு நாற்காலியை விரித்துப்போட்டு, "நான் இங்க ஒக்காந்து ரெண்டு பேரையும் திட்டிட்டு இருக்கேன், போங்க" என்றான்.

வழிகாட்டுவது எப்போதும் நான்தான். வண்டி ஓட்டுகிறவனுக்குத் தன் சக்கரம் தெரியாது, முன்னால் நிற்கிறவர் கை காட்டுகிற பக்கம் திருப்ப வேண்டும், மூடிய கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும். ஒருவர்தான் காட்ட வேண்டும், அவர் சொல்தான் சட்டம். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது எங்கள் பையன்களுக்கு ஸ்டீயரிங்கைத் தொடுவதற்கு முன்னால் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். கோல்பி பன்னிரண்டு வயதிலிருந்து என் கையை மீறியதே கிடையாது. மனைவியிடம் சண்டை போட்டிருக்கிறான், முதலாளியிடம் போட்டிருக்கிறான், பாறையில் நிற்கிற என் கையோடு போட்டதில்லை.

ஒரு பக்கமாகக் கைகளை ஊன்றிப் படிமேல் ஏறி நின்றேன். இடது பக்கம் கல் சரிந்து கிடந்தது, கரடுமுரடுதான், ஆனால் சக்கரத்துக்கு நல்ல பிடி. வலது பக்கம் அந்த வெடிப்பு, போன வருஷத்து டயர் உராய்ந்த கறுப்பு இன்னும் போகவில்லை. இரண்டு கையையும் இடது பக்கமாகக் காட்டினேன். கோல்பி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். அவன் பார்க்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது, நேராகத்தான் பார்த்தான். பார்த்துக்கொண்டே ஸ்டீயரிங்கை வலது பக்கம் ஒடித்தான்.

"இடது, இடது" என்று கீழேயிருந்து ரூலன் கத்தினான்.

நான் கையை மூடித் தூக்கினேன். வண்டி நிற்கவில்லை. முன் சக்கரம் ஏறி, பின் சக்கரம் சரியாக அந்த வெடிப்புக்குள் போய் உட்கார்ந்தது. கோல்பி பெடலை மிதித்தான். இவ்வளவு நாள் மருந்து அளக்கிற மாதிரி மிதித்துச் சோதனை பண்ணினவன், அப்படி மிதித்தான். சக்கரம் சுற்றியது, ரப்பர் புகை என் முகத்துக்கு வந்தது. சுற்றிக்கொண்டிருக்கிற சக்கரம் சட்டென்று பிடிக்கிற நொடியில்தான் ஷாஃப்ட் போகும், அது அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவன் முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை, அவசரம் இல்லை. தலையைச் சாய்த்துக்கொண்டு, அந்த வெடிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தான். நானும் கையை இறக்காமல் அதே சத்தத்துக்காகத்தான் நின்றிருந்தேன் என்பது அப்போது தெரிந்தது.

சக்கரம் பிடித்தது. ஒரு சத்தமும் இல்லை. வண்டி ஒருமுறை குலுங்கி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு படிமேல் ஏறி, என்னைத் தாண்டிப் போய் நின்றது. அவ்வளவு நன்றாகச் செய்திருந்தான்.

கீழே ரூலன் நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தான். திட்டுவான் என்று நினைத்தேன். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான், மறுபடி மாட்டிக்கொண்டான். "தண்ணி நெறைய இருக்கில்ல, நோலாக்கா?" என்றான், அவ்வளவுதான். இருக்கிறது என்று கையைக் காட்டினேன்.

நான் வண்டிக்குப் போவதற்குள் கோல்பி எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, பின்பக்கம் அடியில் ஊர்ந்து போயிருந்தான். பூட்ஸ் மட்டும் வெளியே.

"ஒழுகுதா?"

"இல்லம்மா."

"வெல்டு?"

"அப்படியே இருக்கு."

"சரி, வா. வெயில் ஏறுறதுக்குள்ள கொஞ்ச தூரம் போயிடலாம்."

"பாத்துட்டு வர்றேன்."

டார்ச் வெளிச்சம் மணலில் இங்கும் அங்கும் அசைந்தது, அப்புறம் ஒரே இடத்தில் நின்றது, அப்புறம் அணைந்தது. பூட்ஸ் அசையவில்லை. நான் ஜீப்பின் நிழலில் மணலில் உட்கார்ந்தேன். சூடான இரும்பு ஆறுகிற டிக் டிக் சத்தம் உள்ளே இருந்து வந்துகொண்டிருந்தது. எனக்கு முன்னால் ஓடை அகலமாகத் திறந்து, கவிந்த பாறைகளுக்கு நடுவே வளைந்து போனது. மணல் அத்தனையும் மழை பெய்து காய்ந்த சின்னச் சின்னப் புள்ளி. அதன் நடுவில் ஒரு ஓணான் போன கோடு, வளைவு வரைக்கும் நேராகப் போய், அங்கே நிழலுக்குள் திரும்பியிருந்தது.